நான் எழுதிச் சேர்த்த வரி

அந்த அறையில் மூன்று மின்விசிறிகள். ஒன்றுதான் சுற்றியது, அதுவும் அதிகாரியின் தலைக்கு நேர் மேலே. நாங்களெல்லாம் கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தோம். மழை தொடங்க இரண்டு வாரம் இருக்கும். மும்பையில் அந்த இரண்டு வாரத்தைப் போல மனுஷரை வாட்டி எடுக்கிற காலம் வேறு கிடையாது.

மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். நடுவில் பேச்சியம்மாள். அவளுக்கு வலப்பக்கம் அவள் மகன் முத்து, இருபத்தாறு வயது, சாப்பாடு டெலிவரி செய்கிற கம்பெனியின் சட்டையோடு வந்திருந்தான். இடப்பக்கம் நான்.

அதிகாரி நான் மராத்தியில் எழுதிக் கொடுத்த மனுவை நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். "எங்களிலும் இதே வழக்கம்தான். என் மனைவியும் தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குத்தான் போனாள்" என்றார் மராத்தியில். எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன்.

பிறகு அவர் பேச்சியைப் பார்த்து இந்தியில் சாதாரணமாகக் கேட்டார்: "பஹலா பச்சா ஹை நா, யே?" இவன் முதல் பிள்ளைதானே?

பேச்சி பதில் சொல்லவில்லை. கேள்வி புரியவில்லையோ என்று நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். புரிந்துதான் இருந்தது. மேஜைக்குக் கீழே அவள் முழங்காலை என் கையால் அழுத்தினேன். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்பதுதான் அந்த அழுத்தலுக்கு அர்த்தம்.

அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

சும்மா இருக்கத் தெரியாதவள்

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. மாட்டுங்காவில் வளர்ந்து, செம்பூரில் வாழ்க்கைப்பட்டு, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் க்ளெய்ம் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவள். க்ளெய்ம் கேட்டு வரும் கடிதங்களைப் படித்து, எதில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்று நானே சொல்லிக்கொள்வது அசிங்கம்தான். ஆனாலும் இந்தக் கதைக்கு அது வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்று, கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனவள் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க பக்கத்திலிருக்கும் தாராவி லேபர் கேம்ப்பில் செல்வராஜ் கடைக்குள் நுழைந்தேன். தாராவியில் அப்போது வீட்டுக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. குடிசைகளை இடித்து மாடி வீடு கட்டப் போகிறார்கள். ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்கு முன்பே அங்கே குடியிருந்தோம் என்று காட்டுகிறவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே சொந்த வீடு. காட்ட முடியாதவர்களுக்கு எங்கேயோ தொலைவில் வாடகைக்கு ஓர் இடம், கிடைக்கும்போது.

கடை முழுக்க ஜனம். ஆளாளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் பழைய தாள்கள். ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "எம் பிள்ள இங்கனக்குள்ள பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்பு படிச்சிருக்கா. சர்ட்டிபிகேட் இருக்கு. பொறவு என்னத்தக் காட்டணுங்கான்?"

கணக்கெடுப்பு ஆபீஸ் அவருக்கு அனுப்பிய பதிலை எட்டிப் பார்த்தேன். பிள்ளை படித்ததை ஏற்கிறோம், ஆனால் எங்கிருந்து வந்து படித்தாள் என்பதற்கு ஆதாரமில்லை என்று இருந்தது. கோணல் புத்திதான், ஆனால் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"அந்தப் பள்ளிக்கு பஸ் உண்டா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸா? ஏது மாமி பஸ்ஸு? நடந்துதான் போவா."

"ரெண்டு பக்கமும் ரயில் லைன். ஆறு வயசுக் குழந்தை லைனைத் தாண்டி நடந்து வருமா?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எவனாவது விடுவானா அப்படி?"

"அதை எழுதுங்கோ" என்றேன்.

அவர் எழுதவில்லை, நான் எழுதினேன். பள்ளிக்கு வாகனம் கிடையாது. ஆறு வயதுக் குழந்தை நடந்து வரக்கூடிய தூரம் ரயில் பாதைகளுக்கு இடைப்பட்ட பகுதிதான். ஆகவே குழந்தை அந்தப் பகுதிக்குள்தான் வசித்திருக்க வேண்டும். மூன்றே வரி. ஆறு வாரத்தில் அவர் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. அதற்கு நன்றியாக ஒரு டப்பா அல்வாவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

அதிலிருந்து சனிக்கிழமைக் காலைகளில் செல்வராஜ் கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போடப்பட்டது.

பாண்டுப் விதவை

அல்வா ருசியில் நான் ஒன்றை மறக்கப் பார்த்தேன். மறக்க விடவில்லை.

க்ளெய்ம் பிரிவில் நான் உச்சத்தில் இருந்த காலத்தில் பாண்டுப்பிலிருந்து ஒரு விதவையின் கடிதம் வந்தது. கணவர் நோயை மறைத்து பாலிசி எடுத்தார் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவள் எழுதியிருந்தாள்: "என் வீட்டுக்காரர் தினமும் இரண்டு வேளை மாத்திரை சாப்பிடுவார். ஆகையால் அவர் எதையும் மறைக்கவில்லை."

பிரிவே சிரித்தது. மாத்திரை சாப்பிட்டான் என்று இவளே ஒத்துக்கொள்கிறாள் பார் என்றார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. பாலிசி எழுத வந்த ஏஜென்ட் அந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்திருப்பான். அவன் கண்ணெதிரே அந்த மனுஷர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்திருப்பார். அதுதான் அவள் மனசில் இருந்த படம். எல்லாரும் பார்த்த விஷயம்தானே என்று அதை எழுதாமல் விட்டுவிட்டாள்.

ஒரு போஸ்ட் கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோப்பில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது எங்கள் பிரிவின் பேச்சு. நிராகரிப்பு முத்திரையைக் குத்தி மேலே அனுப்பினேன்.

மோசமாக வாதம் செய்கிறவர்கள் பொய்யர்கள் என்று படித்தவர்களுக்கு ஒரு நினைப்பு. என் அனுபவத்தில் பொய் சொல்கிறவன் ஒரு வரி விடாமல் கோவையாக எழுதுவான். உண்மை சொல்கிறவர்தான் நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பார். அவருக்கு அது அவ்வளவு பழகின படி. குறை அவர் வாதத்தில் இல்லை, நமக்கு அவர் வீடு தெரியாததில் இருக்கிறது.

இதை நான் வேலையில் இருந்தபோது எழுதியிருந்தால் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

கணவருக்காக எழுதிய மூன்று வரிகள்

ஆபீஸில்தான் இப்படி. வீட்டில் நேர்மாறு. வீட்டில் நான் மற்றவர்களின் நொண்டி வாதத்துக்கு ஊன்றுகட்டை கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

என் அம்மா கடைசிக் காலத்தில் புறநகர் கல்யாணில் என் தம்பி வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்குச் சரிப்படவில்லை. எங்களோடு செம்பூரில் வந்து இருக்கட்டுமே என்று கேட்டேன். என் கணவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் சொன்னார்: "லிஃப்ட் இல்லையே."

அவ்வளவுதான் அவர் சொன்னது. லிஃப்ட் இல்லாததற்கும் என் அம்மா வராததற்கும் என்ன சம்பந்தம்? அவரைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நானே நிரப்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்றாம் மாடி. ஏறினால் இறங்க முடியாது, கோயிலுக்குக்கூடப் போக முடியாமல் அடைந்து கிடப்பாள். பாவம், அவளுக்கு அது சிறை. ஆகவே கல்யாண்தான் அவளுக்கு நல்லது. அழகாகக் கோர்த்து, அம்மாவிடம் போய் நானே சொன்னேன்.

"சரிடி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

அவர் ஒரு வரிதான் சொன்னார். மீதி மூன்று வரியும் என் கைவரிசை. அம்மா அடுத்த வருஷம் கல்யாணிலேயே போய்விட்டாள். கணவர் இருந்தவரை அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்ட ஆளில்லாதபோது கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறது.

எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், விடுபட்ட வரியை எழுதிச் சேர்ப்பது ஒரு கை பழகின வேலை. யாருக்காக எழுதுகிறோம், அது அவருடைய வரியா நம்முடையதா என்று கை பார்ப்பதில்லை.

பேச்சியின் பை

பேச்சியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். தோல் பை தைக்கிற கார்கானாவில் பக்கிள் மாட்டுகிற வேலை. கணவர் ஆறேழு வருஷம் முன்பு மார்வலியில் போய்விட்டார். விரல் நுனிகளெல்லாம் காய்த்துப் போய், தாளைத் திருப்பத் தெரியாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துத் திருப்புவாள். நான் அவளை முதல் நாளிலிருந்தே 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். மாட்டுங்காவில் வேலைக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகின வாய். அவள் வேலைக்காரி இல்லை என்பது வாய்க்குத் தெரியவில்லை.

அவளிடம் இருந்த ஒரே பழைய தாள், அவள் கணவர் அந்த அறையை வாங்கியபோது எழுதிக்கொண்ட முத்திரைத் தாள். குறித்த வருஷத்துக்கு முந்தையது. ஆனால் ஆபீஸ் மடக்கிவிட்டது. முத்துவின் பிறப்புச் சான்றிதழ் சங்கரன்கோவில் பக்கத்து ஊரில் வாங்கியது. மகன் ஊரில் பிறந்திருக்கிறான்; ஆகவே குடும்பம் அப்போது தாராவியில் இல்லை; அறையை வாங்கிப் போட்டிருக்கலாம், குடியிருந்ததாக ஆகாது.

படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பெற்றவள் குடியிருக்கிறாள் என்று ஒரு வரியைச் சொல்லாமலே ஒளித்து வைத்திருக்கிறார்கள். நம் ஜனங்களிடம் அந்த வரி செல்லுமா? தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போகாமல் வேறெங்கே போவாள்? நான் மாட்டுங்காவுக்குப் போகவில்லையா? அதனால் செம்பூரில் எனக்கு வீடில்லை என்று ஆகிவிடுமா?

பேனாவை எடுத்தேன். "எங்கள் சமூகத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். என் மூத்த மகனின் பிரசவத்துக்காக மட்டுமே நான் ஊருக்குச் சென்றேன். என் கணவர் மேற்படி அறையிலேயே வசித்தார். பிரசவத்துக்குச் சென்றவள் குடியிருப்பை விட்டுச் சென்றவள் ஆகமாட்டாள்."

நோட்டரி முத்திரைக்கு முன் பேச்சிக்குத் தமிழில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்தக் குறையை என்மேல் வைக்க முடியாது. முத்துவும் பக்கத்தில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மூத்தவன்னு போட்டிருக்கீகளா மாமி?" என்று கேட்டாள்.

"ஆமா. இவன்தானே மூத்தவன்? வேற யாரு இருக்கா?"

அவள் முத்துவைப் பார்த்தாள். ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் போய் வந்து கொண்டிருந்தது, அதைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று இரண்டு நொடி காத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் நாலு பேர் பையோடு நின்றார்கள்.

"கையெழுத்து எங்கன போடணும்?" என்றாள்.

ஒரே ஒரு ஆமாம்

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். ஒற்றை விசிறி, வேர்வை, என் கையை எடுத்துவிட்ட அவள் கை.

"நை சாப்" என்றாள் பேச்சி. "தூஸ்ரா." இல்லை ஐயா, இரண்டாவது.

அதிகாரி மனுவைத் திரும்பப் பார்த்தார். முத்து அம்மாவைப் பார்த்தான். நான் எங்கே பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

முதல் பிள்ளை எங்கே என்று அவர் கேட்டார். பேச்சி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். பெண் குழந்தை. வளைகாப்பு முடிந்து ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தது. ரயிலுக்கு ஐந்து நாள் முன்பே வலி வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள், அதே அறையில். பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது.

அடுத்தது உண்டானபோது அவள் அம்மா ஊரிலிருந்து வந்து கையோடு கூட்டிப் போய்விட்டாள். பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும் வரை திருப்பி அனுப்பவில்லை.

"ஒன்றரை வருஷமா?" என்று கேட்டு அதிகாரி குறித்துக்கொண்டார். முதல் குழந்தைக்கு ஏதாவது காகிதம் உண்டா என்றார். இல்லை என்றாள். பேர்? வைக்கவில்லை, முப்பது நாள் கழித்து வைக்கலாம் என்று இருந்தார்களாம்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "அம்மா, சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த தாளிலேயே தவறு இருக்கிறதே. இதை வைத்துக்கொண்டு மற்றதை நான் எப்படி நம்புவது?"

நான் எழுதிச் சேர்த்த வரி. அது இல்லாமல் வெறும் முத்திரைத் தாளோடு போயிருந்தால் நொண்டி வாதமாகவாவது நின்றிருக்கும். நொண்டிக்கு நான் கொடுத்த கட்டை பொய்க் கட்டையாகிப் போயிற்று.

வெளியே வராந்தாவில் முத்து வெடித்தான். "மா, ஏக் ஹாங் போல்னா தா! பஸ், ஏக் ஹாங்!" ஒரே ஒரு ஆமாம் சொல்லியிருக்கலாமே என்று கத்தினான். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். "எனக்கு அக்கா இருந்தான்னே இன்னைக்குத்தான் தெரியுது. செத்துப்போன பிள்ளைக்காக இருக்கிற வீட்ட விட்டுட்டியேம்மா!"

மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. என் வாதம் போச்சே என்கிற கோபம்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லிருக்கலாமே, பேச்சி" என்றேன்.

"நீங்க கேக்கலியே மாமி" என்றாள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. "தாள்ல எழுதுனது எழுதுனதா இருக்கட்டும்னுதான் கையெழுத்துப் போட்டேன். வீடு வேணும்லா. ஆனா அவரு மூஞ்சியப் பாத்துக் கேக்காரு. இவன மூத்தவன்னு என் வாயால சொல்லிட்டா, அவ பொறக்கவே இல்லன்னு ஆயிரும்லா. பெத்தவ நானே எப்பிடிச் சொல்ல?"

முத்து பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் டாக்சி பிடிக்கவும் தோன்றாமல் ஸ்டேஷன் வரை நடந்தோம்.

கட்டியாகிப் போன வருஷம்

என் புத்தி அப்போதும் அடங்கவில்லை. ரயிலில் உட்கார்ந்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. குழந்தை பிறந்ததற்குக் காகிதம் இல்லை, சரி. ஆனால் இறந்த குழந்தையைப் புதைத்திருக்கிறார்கள். புதைகாட்டில் பதிவுப் புத்தகம் இருக்கும். அதில் தகப்பன் பெயர், விலாசம், தேதி. குறித்த வருஷத்துக்கு முன்பே அந்த அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது, ஒரு குழந்தை பிறந்தது, இறந்தது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இவ்வளவு நாளாக விடுபட்டிருந்த வரி அதுதான்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளினேன். கடைசியில் சொன்னேன். அவள் கையிலிருந்த பைக்குப் பக்கிளை மாட்டி முடித்தாள்.

"எங்க வீட்டுக்காரரும் கார்கானா ஆளுக ரெண்டு பேரும்தான் தூக்கிட்டுப் போனாக. பொம்பளைக போகக் கூடாதுல்லா. எந்த இடம்னுகூட நான் பாத்ததில்ல" என்றாள். பிறகு, "வாரேன் மாமி" என்றாள். வீட்டுக்காகச் சொன்னாளா, இடத்தைப் பார்ப்பதற்காகச் சொன்னாளா என்று நான் இந்தத் தடவை ஊகிக்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. புதைகாட்டு ஆபீஸ் ஒரு சின்ன அறை, வாசலில் சாமந்தி மாலைகள் நனைந்து கிடந்தன. குமாஸ்தா வருஷத்தைக் கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த வெள்ளத்துல கீழ் ரேக் எல்லாம் போச்சு, அம்மா" என்று இந்தியில் சொன்னார். பல வருஷம் முன்பு மும்பையே மூழ்கின அந்த மழையைச் சொல்கிறார். நான் விடவில்லை. வேறு நகல்? வார்டு ஆபீஸுக்கு அனுப்பிய பட்டியல்? முப்பத்து மூன்று வருஷத்துக் குமாஸ்தா புத்தியை எல்லாம் அவர்மேல் இறக்கினேன். வார்டு ஆபீஸுக்கு நான் ஏற்கெனவே போயிருந்தேன், பேர் இல்லாமல் தேட முடியாது என்று அவர்கள் கையை விரித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவர் பொறுமையிழந்து அலமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த் தட்டில் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, பழுப்பு நிறத்தில் செங்கல் மாதிரி இருந்தன. ஒன்றைப் பிரிக்கப் பார்த்தேன். தாள் வரவில்லை, துகள்தான் வந்தது.

பேச்சி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவ இருந்தாங்கிறதுக்கு எங்கயும் ஒரு எழுத்து இல்ல" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. தனக்குத் தானே ஒரு முடிவுக்கு வந்த மாதிரி சொன்னாள்.

எனக்கு அழுகை வந்தது. பெரிய மனுஷி, மூக்கைச் சிந்திக்கொண்டு மழையைத் திட்டினேன்.

உத்தரவு

உத்தரவு ஆவணி மாதத்தில் வந்தது. இரண்டு தாளில் நாலு பக்கம், மராத்தி. கடைசிப் பக்கத்தில் வட்ட முத்திரை. தகுதி இல்லை. அறையை இடிக்கும்போது காலி செய்ய வேண்டும்.

அவள் அதைச் செல்வராஜ் கடைக்குக் கொண்டுவந்தாள். முடிவு அவளுக்குத் தெரியும், முத்து படித்துச் சொல்லியிருந்தான். அவன் இப்போதெல்லாம் வீட்டில் அதிகம் பேசுவதில்லையாம். முலுண்ட் பக்கம் ஒரு வாடகை அறை பார்த்து வைத்திருக்கிறானாம்.

"முழுசா வாசிங்க மாமி" என்றாள்.

"எதுக்குடி இப்போ?"

"வாசிங்க."

மராத்தியைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் அவள் வாக்குமூலம் இருந்தது. "மனுதாரர் விசாரணையின்போது கூறியதாவது: மேற்படி அறையில் மகனுக்கு முன்னதாகத் தமக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாகவும், அக்குழந்தை பதினோராம் நாள் இறந்ததாகவும்..."

"நில்லுங்க" என்றாள். "பொம்பளப் பிள்ளைன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"பதினோரு நாளுன்னு?"

"பதினோராம் நாள்னு இருக்கு."

"இந்த ரூம்லன்னு?"

"மேற்படி அறையில்னு இருக்கு, பேச்சி."

காய்த்துப் போன விரலால் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள், சரியான வரியைத்தான் தொட்டாள். என் விரல் அங்கே நின்றிருந்ததைப் பார்த்திருப்பாள்.

அதற்கு அடுத்தாற்போல் ஒரு வரி இருந்தது. இதற்கு ஆதாரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை என்று. அதை நான் வாசிக்கவில்லை.

அவள் அந்தக் கடைசித் தாளை மட்டும் என் கையிலிருந்து வாங்கிச் செல்வராஜிடம் நீட்டினாள்.

"இதுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் போட்டுக் குடுங்கண்ணே."

செல்வராஜ் முத்திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏக்கா, இது ரிஜெக்ட் பண்ணுன ஆர்டருல்லா? இத எதுக்கு லேமினேட் பண்ணுத?"

"வீடு மாறும்போது நனஞ்சிரக் கூடாதுல்லா" என்றாள் பேச்சி.